வேலையை விட்ட பிறகு பென்னாகரத்தில்

இங்கே பென்னாகரத்தில் என் முகம் வீங்கியிருப்பதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். “எங்கூரு தண்ணி ஒத்துக்கிச்சுங்க டீச்சரம்மா, ஒடம்பு பூசிட்டீங்க” என்கிறார்கள். மாயவரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டார் பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். காலையில் கண் இமை திறக்காது. மாலையில் கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும்.

பத்தொன்பது வயதில் தாலி இழந்து, அண்ணன் வீட்டு அடுக்களையில் ஏழு வருஷம் கிடந்தவள் நான். டீச்சர் டிரெயினிங் முடித்து, யாரும் வர விரும்பாத இந்தக் காட்டோர ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகுதான் எனக்கென்று ஒரு கதவும் அதற்கொரு சாவியும் கிடைத்தன. அதனால்தான் தருமபுரி டாக்டர் சொன்னதை நாலு மாதம் ஒளித்து வைத்தேன். கண்ணாடிக் குழாயில் என் சிறுநீரைக் காய்ச்சினார்; முட்டை வெள்ளைபோலத் திரண்டது. “குண்டிக்காய், அதான் கிட்னி, கெட்டுப்போச்சும்மா. இனி சரியாகாது. உப்பு கூடாது, பருப்பு கூடாது. நின்னு பாக்கிற வேலையை விட்டுடுங்க.”

வீட்டுச் சொந்தக்காரி ரங்கம்மா கொடுத்தனுப்பிய குழம்பை மூன்று நாள் திருப்பி அனுப்பினேன். நாலாம் நாள் அவளே வந்து வாசலில் நின்றாள். “எங்க கை பட்டது ஆவாதுங்களா?” அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அத மொதல்லயே சொல்லப்படாதுங்களா? உப்பில்லாம கிண்டித் தர எனக்கென்ன கை வலிக்குதா?” அன்றுமுதல் எனக்குத் தனிச் சட்டியில் களி.

பிறகு ஒருநாள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது கரும்பலகையடியில் விழுந்தேன். அதற்குமேல் ஒளிக்க ஒன்றுமில்லை. ராஜினாமாவை நானே எழுதினேன். மூன்று வரிதான், முடிக்க ஒரு பகல் ஆயிற்று. இப்போதும் பள்ளிக்கூட மணியடித்தால் எழுந்து சேலை மாற்றிக்கொள்கிறேன். பிறகு படுத்துக்கொள்கிறேன்.

அண்ணன் எழுதியிருக்கிறார்: “கொல்லை அறையைக் காலி செய்து கட்டில் போட்டாயிற்று. ரேஷன் கார்டில் பெயரை நீக்கி, இங்கே சேர்க்கச் சீட்டு வாங்கி வா.” ரங்கம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ரேஷன் ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்தார். “பேரை அடிச்சிடலாங்களா? ஊருக்கே போயிடறீங்களா?”

“எந்த ஊருக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

என் காதும் கெட்டுவிட்டதென்று நினைத்து, அவர் உரக்க மறுபடி கேட்டார்.

“அடுத்த வாரம் வரேன்” என்று கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். இது மூன்றாம் தடவை. மாயவரத்தில் எனக்கான கட்டில் காலியாகக் கிடக்கிறது. இங்கே சனிக்கிழமைதோறும் என் பெயருக்கு அரிசி அளக்கிறார்கள். அதில் பாதியைக்கூட என்னால் சாப்பிட முடிவதில்லை.