மூன்றாம் ஓலைக்கு முன் நாலு கடை

வெள்ளிக்கிழமை மாலை தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் மைசூர் வண்டிக்காக நின்றபோதே எனக்குக் கோபம். பெங்களூருக்கு ஸ்லீப்பர் டிக்கெட் இருநூற்று எண்பது ரூபாய். அதைப் பற்றி ஒன்றுமில்லை. நான் போகிற காரியம் அப்படி. என் அக்கா மகள் அமலியைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் பெங்களூரில் குடிகாரர்களை மேய்க்கிறான் என்று செய்தி வந்திருந்தது.

செய்தி சொன்னவள் லில்லி. குவைத் ஆஸ்பத்திரியில் என்னோடு பதினோரு வருடம் நர்ஸாக இருந்தவள், இப்போது பெங்களூரில் குடியிருக்கிறாள். கல்யாணப் பத்திரிகையை மாப்பிள்ளை படத்தோடு அவளுடைய போனுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"தெரசா, இந்தப் பையனை எனக்குத் தெரியுமேடி! சர்ச் தெருவுல மஞ்சக் கொடி பிடிச்சிக்கிட்டு, கடை கடையா ஆளுங்களைக் குடிக்கக் கூட்டிட்டுப் போறவன். எம் பையனோட ஆபீஸ் பார்ட்டிக்கு இவன்தான் வந்தான்."

எங்களுக்குச் சொல்லப்பட்டது 'டூரிசம் கம்பெனியில் மேனேஜர்'. பத்திரிகையிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. பையன் பெயர் சகாயராஜ், திருவாரூர்ப் பக்கம்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்பார்கள். அமலிக்கு இரண்டு ஓலை முடிந்துவிட்டது. மூன்றாவது இந்த ஞாயிறு காலை எட்டு மணிப் பூசையில். அதற்குள் நான் நேரில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு அவசரம்? என் அக்கா ஸ்டெல்லாவுக்கு ஓலை வாசித்தபோது, மாப்பிள்ளை மூக்கு முட்டக் குடிப்பவர் என்பது தெருவுக்கே தெரியும். மூன்று ஞாயிறும் கோவிலில் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. இருபத்தேழு வருடமாக அக்கா பொழுது சாய்ந்தால் மச்சானின் மொபெட் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள். அமலி சோறு வடித்துப் பழகியதே அந்தச் சாவியைத் துழாவி எடுத்து வைத்துவிட்டுத்தான். அவளுக்கும் ஒரு பானை, ஒரு சாவியா? இந்த முறை எழுந்து நிற்க ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டு வண்டி ஏறினேன். வீட்டில் லில்லியைப் பார்க்கப் போவதாகத்தான் சொன்னேன்.

ஜூன் கடைசி. மேட்டூர் திறக்கவில்லை. மன்னார்குடி சாலையிலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் வரும்போது, காவேரித் தண்ணீர் ஓட வேண்டிய வடவாற்றுக்குள் ஆடுகள் மேய்வதைப் பார்த்தேன். போர்செட் வைத்திருப்பவர்கள் மட்டும் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். மற்ற வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது.

சனிக்கிழமை விடியுமுன் பெங்களூர் கண்டோன்மென்ட். லில்லி வீடு இரண்டு கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் நல்ல தமிழில் நூற்றைம்பது கேட்டார்.

"ரெண்டு கிலோமீட்டருக்கா? நீங்க எந்த ஊரு?"

"கிருஷ்ணகிரிம்மா."

"நம்ம ஆளுகிட்டயே இப்படியா?"

"நம்ம ஆளுன்னுதான்மா நூத்தைம்பது. இல்லாட்டி இருநூறு."

கொடுத்துத் தொலைத்தேன்.

லில்லியின் மகன் அந்தக் குடிச் சுற்றுலாவுக்கு இணையத்தில் எனக்கு இடம் பதிவு செய்திருந்தான். தலைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். நாலு கடை, கடைக்கு ஒரு கிளாஸ், குடிக்காதவர்களுக்கு எலுமிச்சை சோடா. ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு நாலு சோடா! தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் பதினைந்து ரூபாய். லில்லிக்கு முட்டி வலி, என்னைத் தனியாக அனுப்பினாள். "சேலை கட்டிக்கிட்டா போற?" என்று வேறு கேட்டாள். பின்னே எதைக் கட்டிக்கொண்டு போவதாம்?

மாலை நான்கு மணிக்கு சர்ச் தெரு. பெயரைக் கேட்டு நான் கோவில்களை எதிர்பார்த்தேன். கல் பாவிய அழகான தெரு, புத்தகக் கடைகள், கேக் கடைகள், மீதியெல்லாம் குடிக்கிற இடம். மாடியில், மாடிக்கு மேல் மாடியில், நிலத்துக்கு அடியில்கூட. இந்தத் தெருவுக்கு இந்தப் பெயரை விட்டுவைத்திருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

சகாயராஜ் நின்றுகொண்டிருந்தான். மஞ்சள் பனியன், மஞ்சள் கொடி. முதுகில் ஆங்கிலத்தில் 'என் பின்னால் வாருங்கள், தாகம் தீரும்' என்று எழுதியிருந்தது. பைபிளில் இயேசு சொன்னதை எடுத்து எங்கே அச்சடிக்கிறார்கள் பாருங்கள்! கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயர் 'சாக்'. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை இப்படி வெட்டிப் போட்டிருக்கிறானே!

கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஜெர்மனியிலிருந்து வந்த கணவன் மனைவி, நான். அவன் என்னைப் பார்த்து, "வாங்க மேடம், வெல்கம்" என்றான். நிச்சயதார்த்தத்தன்று எனக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டியூட்டி, அதனால் என்னை அவன் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் வந்தேன்.

முதல் கடை பகலிலேயே இருட்டாக இருந்தது. ஆளாளுக்குப் பீர் வந்தது. அவன் கொடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, எல்லோரையும் ஒரே குரலில் 'சியர்ஸ்' சொல்ல வைத்தான். கோவிலில் செபமாலை சொல்லிக் கொடுக்கும் உபதேசியார்கூட இவ்வளவு உற்சாகமாகச் சொல்லிக் கொடுத்து நான் கேட்டதில்லை. என்னால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து அக்காவைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன்.

"மேனேஜராம் மேனேஜர்! குடிகாரனுங்களுக்குக் கொடி பிடிக்கிறான்க்கா! எங் கண்ணால பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

"ஐயோ மெதுவாப் பேசு தெரசா, இவரு பக்கத்துலதான் இருக்காரு" என்றாள் அக்கா. என் குரல்தான் எட்டு வீட்டுக்குக் கேட்குமே.

இரண்டாவது கடையில் பீரை அங்கேயே காய்ச்சுகிறார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆள் உயரச் செம்புப் பானைகள் நின்றன. அவன் விளக்கம் சொன்னான். சுவை லேசாக வருவதற்குக் கொஞ்சம் அரிசியும் சேர்ப்பார்களாம். தண்ணீர், காவேரித் தண்ணீராம்.

காவேரி! நான் கையைத் தூக்கிவிட்டேன். "எவ்வளவு தண்ணி தம்பி?"

"ஒரு கிளாஸுக்கு அஞ்சாறு கிளாஸ் தண்ணி செலவாகும் மேடம். கழுவுறதுக்குத்தான் ஜாஸ்தி."

வடவாற்றில் ஆடு மேய்கிறது. இங்கே பானை கழுவுகிறார்கள்! ஜெர்மன்காரர் நுரையை உதட்டிலிருந்து துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த மனிதர்மேல் என்ன தப்பு? ஆனாலும் அவரையும் முறைத்தேன். என் எலுமிச்சை சோடாவும் காவேரிதானே என்பது பிறகுதான் உறைத்தது. அதை முழுதும் குடித்து முடித்தேன், ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

ஆறு மணி சுமாருக்கு மூன்றாவது கடை. பாட்டுச் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. கம்ப்யூட்டர் ஆட்களின் டீம் லீடர், சென்னைக்காரர், அதற்குள் கணக்கில் இல்லாத இரண்டு கிளாஸைத் தன் காசில் உள்ளே தள்ளியிருந்தார். கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சகாயராஜைக் கூப்பிட்டார்.

"யோவ் கைடு! இங்க வா. ஷூ லேஸ் அவுந்துருச்சு, கட்டு."

கூட இருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் "சார், வேணாம் சார்" என்றாள்.

"உக்காருங்க சார், கட்டுறேன்" என்று சகாயராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் காலடியில் உட்கார்ந்தான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஆளை அறையலாம் போலிருந்தது. இவனையும் அறையலாம் போலிருந்தது. எங்கள் வீட்டில் பெண் எடுக்கப் போகிறவன் ஒரு குடிகாரன் காலைப் பிடிக்கிறானே, சூடு சொரணை வேண்டாமா? நேராக எழுந்து போனேன்.

போனபோதுதான் பார்த்தேன். அவன் லேஸை இழுத்து இழுத்து ஆற அமரக் கட்டிக்கொண்டிருந்தான். "வீட்ல மேடம் பேரு என்ன சார்? குழந்தைங்க இருக்கா?" என்று பேச்சும் கொடுத்தான். நிற்கவிட்டால் விழுந்திருக்கக்கூடிய ஆள் உட்கார்ந்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பீர் கிளாஸ் இருந்த இடத்தில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் வந்துவிட்டது. விரலில் சுழன்ற கார் சாவியைக் காணோம். சகாயராஜ் எழுந்து, கையைப் பின்னால் கொண்டுபோய், 'வேணாம் சார்' என்று சொன்ன அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் அதை வைத்தான்.

பதினோரு வருடம் குவைத், அதற்குப் பிறகு தஞ்சாவூரில் கேஷுவாலிட்டி. குடித்தவரிடமிருந்து சாவி வாங்குவது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். அரிசிப் பானை ஞாபகம் வந்தது.

பிறகு அந்த ஆளை நானும் அவனுமாகத் தெருவுக்குக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தோம். அந்தப் பெண்ணையும் இன்னொரு பையனையும் துணைக்கு ஏற்றி ஆட்டோவில் அனுப்பினான். மற்றவர்களை நாலாவது கடைக்குப் போகச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினான்.

"ஒரு டீ குடிக்கிறீங்களா சித்தி?"

சித்தி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்பத் தெரியும்?"

"வந்ததுமே. குவைத்ல வெள்ளை யூனிபார்ம்ல எடுத்த போட்டோவ அமலி காட்டியிருக்கு."

"அப்ப, தெரிஞ்சே நடிச்சியா?"

"நீங்க பாக்க வந்தீங்க. பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

என்ன திமிர்! நடைபாதையிலேயே பிடித்துக்கொண்டேன். குடிப்பியா, மறைக்காமல் சொல் என்றேன்.

"பீர் குடிப்பேன் சித்தி. மாசம் ஒரு தடவை, ரெண்டு தடவை. டியூட்டில தொட மாட்டேன். குடிக்கவே மாட்டேன்னு உங்ககிட்ட சொன்னா அது பொய்."

"இதை ஏன் எங்க வீட்டுல சொல்லல? மேனேஜர்னு ஏன் பித்தலாட்டம்?"

அவன் சற்றுத் தயங்கினான். "சொன்னேனே. நிச்சயத்துக்கு முன்னாடியே மாமாகிட்ட எல்லாம் சொன்னேன். 'அப்ப நமக்கு ஓசியில கிடைக்கும்ல மாப்ளே'ன்னு கேட்டாரு. கிடைக்காது மாமான்னேன். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது, டூரிசம் மேனேஜர்னு போட்டுக்கலாம்னு சொன்னதும் அவர்தான். அமலிகிட்ட நான் அன்னிக்கே சொல்லிட்டேன்."

அங்கேயே நின்று அமலியைக் கூப்பிட்டேன்.

"தெரியும் சித்தி" என்றாள் அவள், ஏதோ சாயந்தரம் மழை வருமா என்று கேட்டதுபோல.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேக்காம பெங்களூருக்குப் போயிட்டீங்க."

"இந்த வேலை உனக்குச் சரிப்படுமா?"

"இருபத்தேழு வருசமா சம்பளம் இல்லாம அம்மா பாத்த வேலைதானே சித்தி. அவரு சம்பளம் வாங்கிட்டுப் பாக்குறாரு. சாவியத் தேடி அவரு வீட்ல நான் பானைக்குள்ள கைவிட வேண்டியிருக்காது. அது போதும்."

அந்த வேலை எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை, அதை அவனிடமே சொன்னேன். "எனக்கும் ரொம்ப நாள் இதுல இருக்கிற எண்ணமில்லை சித்தி" என்றான். நாலாவது கடைக்குள் நான் போகவில்லை. காசு கொடுத்த சோடா, போனால் போகட்டும்.

தஞ்சாவூருக்கு ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர், இரவு பஸ், அறுநூற்றைம்பது ரூபாய். ஜன்னலோரம் உட்கார்ந்து மச்சானை நினைத்து நினைத்துப் பொருமிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குப் போய்க் குளிக்க நேரமில்லை. பையோடு நேரே கோவிலுக்குள் நுழைந்து, பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். நடுவழிக்கு அந்தப்பக்கம், கையெட்டும் தூரத்தில் மச்சான். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. நேற்றைய சரக்கின் வாசனை இன்னும் போகவில்லை.

பூசை முடியும் நேரத்தில் ஃபாதர் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை ஏதேனும் அறிந்தவர்கள் என்று சொல்லிவிட்டு மூச்சுவிட நிறுத்தினார். அந்த இடைவெளியில் மச்சான் எழுந்துவிட்டார்.

துண்டைப் பிடித்து இழுத்தேன். "உக்காருங்க மச்சான்."

"விடு தெரசா. நீதான நேத்து போன்ல சொன்ன? எம் பொண்ண ஏமாத்திட்டானுங்க. ஊருக்கு முன்னாடி சொன்னாத்தான் எனக்கு மரியாதை."

மரியாதையாம்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"ஓசியில கிடைக்குமான்னு கேட்டீங்களாமே. மேனேஜர்னு போடச் சொன்னதே நீங்களாமே. நீங்க சொல்லுங்க, அடுத்து நான் எழுந்திருச்சுச் சொல்றேன்."

அவர் முகம் செத்துப்போயிற்று. உட்கார்ந்தார்.

அதற்குள் கோவிலே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபாதர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "தெரசா, ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

எழுந்து நின்றேன். "ஆமாம் ஃபாதர். பெங்களூருக்கு நேர்ல போய் விசாரிச்சிட்டு வந்தேன். தடை ஒண்ணும் இல்லை."

இப்படி எழுந்து சொல்லும் வழக்கம் எங்கள் கோவிலில் கிடையாது. ஃபாதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு தெருவாரியாகக் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தின் அறிவிப்புக்குப் போய்விட்டார். முன்னால் அமலி திரும்பவில்லை, முக்காட்டை மட்டும் சரிசெய்துகொண்டாள். அக்கா திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருக்கும் மச்சானை, கண் எடுக்காமல், பூசை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரை உட்கார் என்று சொல்ல ஒரு ஆள் அவளுக்கு இருபத்தேழு வருடத்துக்கு முன்பே வேண்டியிருந்தது. அன்றைக்கு ஊரே வாயைப் பொத்திக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தது!