அண்ணன் உயரத்தில் நின்ற சீட்

தையல் கம்பெனியில் காஜா எடுக்கும் மெஷினில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்த அவளை எல்லோரும் குள்ளி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. "குனிஞ்சு பேசுங்க, காதுல விழல" என்பாள்.

அண்ணன் நெட்டை. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்ததுதானா என்று கேட்காத ஆளில்லை. ஒரு நாள் காலை சைக்கிளில் வேலைக்குப் போனவனை லாரி பக்கவாட்டில் இடித்துத் தூக்கி எறிந்தது. அவன் அங்கேயே போய்விட்டான். சைக்கிளுக்குப் பின்சக்கரம் நெளிந்ததோடு சரி. வழக்கு முடியும்வரை அது காவல் நிலைய முற்றத்தில் நான்கு மழைக்காலம் நனைந்து கிடந்தது. பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள்.

அவள் அதை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது அம்மா கதவை மறித்து நின்றாள்.

"அந்தச் சனியன் உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்."

"கம்பெனிய ஊருக்கு வெளிய மாத்திட்டாங்கம்மா. போக ஒண்ணேகால் மணி நேரம், வர ஒண்ணேகால் மணி நேரம். கால் தாங்கல."

அம்மா கதவை விட்டு நகரவில்லை. சைக்கிள் பின்கட்டில் குழாயடிக்குப் போனது.

சைக்கிள் கடைக்காரர் ஏற்கெனவே கைவிரித்திருந்தார். "சீட் கம்பி ஃபிரேமோட ஒண்ணா ஒட்டிக்கிச்சும்மா. முறுக்கினா ஃபிரேமே போயிடும். பழைய இரும்புக்குப் போட்டுடு." சீட் அண்ணன் வைத்திருந்த உயரத்திலேயே துருப்பிடித்து நின்றுவிட்டிருந்தது. ஏறி உட்கார்ந்தால் அவள் கால் பெடலுக்கு எட்டாது.

கம்பிக்குக் கீழிருந்து எண்ணெய் விட வழி வேண்டி, முதலில் பெடல் தண்டை இறுக்கியிருந்த ஆப்பைக் கழற்றப் பார்த்தாள். மூன்று நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தாள். மரை நசுங்காமலிருக்க நட்டை அதன் நுனியில் விட்டுவிட்டு, அதன் மேலேயே சுத்தியலால் அடித்தாள். நான்காம் நாள் காலையில் ஆப்பு இறங்கிவிட்டது. அச்சையும் உருவியபின், ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி அந்தத் துளை வழியே சீட் கம்பிக்கு எண்ணெய் விட்டாள். ஒரு வாரம் போனது. சீட்டைப் பிடித்து முழு பலத்தோடு முறுக்கினாள். சீட் மட்டும் கையோடு வந்தது. கம்பி இம்மியும் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தை எடுத்துக் கம்பியின் மேல் வைத்தாள். அம்மா ஓடி வந்தாள்.

"வெட்டாதடி. அது அவன் உயரம்."

"அவன்தான் இல்லையேம்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் ரம்பத்தை எடுக்கவில்லை. இரண்டு விரற்கடை மட்டும் விட்டு அறுத்தாள். அன்று முழுக்க அம்மா சாப்பிடவில்லை. அறுத்த துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் குள்ளி அலமாரியின் மேல் வைத்தாள். மறுநாள் அது அங்கே இல்லை. அவளும் கேட்கவில்லை.

கம்பி உள்ளே வெறும் கூடு, குழாய் மாதிரி. வெறும் ரம்பத் தகட்டுக்குத் துணி சுற்றிக் கைப்பிடியாக்கி, குழாய்க்குள் விட்டு நீளவாக்கில் உள்ளிருந்து அறுத்தாள். கொஞ்சம் ஆழமாகப் போனால் ஃபிரேமே கிழிந்துவிடும். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம். ஒன்பதாம் நாள் தகடு வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது. அன்று காஜா மெஷினில் வெள்ளைச் சட்டை ஒன்றில் ரத்தம் பட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை அம்மா வந்து எதிரே உட்கார்ந்து, ஃபிரேமை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"ஆடுது. அதான் வழுக்குது. நேரா அறு."

இரண்டு பேரும் முகத்தோடு முகம் பார்க்காமல் நான்கு நாள் அறுத்தார்கள். கடைசியில் கம்பியில் ஒரு சில்லு உள்பக்கம் மடங்கியது. குறடால் கவ்வி இழுத்ததும் துருப்பொடி கொட்ட, மிச்சக் கம்பியும் கிரீச்சிட்டு வந்தது. அம்மா எழுந்து கை கழுவப் போனாள். குழாய் வெகு நேரம் ஓடிக்கொண்டேயிருந்தது.

புதுக் கம்பி, வேறு சக்கரம், அடிவரை இறக்கிய சீட். அதில் ஆறு வருடம் குள்ளி வேலைக்குப் போய் வந்தாள். அதன்பின் அம்மா அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. முழங்கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தபோது, "பின்னாடி உட்காரும்மா, தள்ளிக்கிட்டே போறேன்" என்றாள் மகள்.

"நடந்தே வர்றேன்."

நடந்தாள். வழியில் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கேரியரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியும் பிடிக்கவில்லை. குள்ளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அம்மா நின்ற இடத்திலெல்லாம் தானும் நின்று, கூடவே போனாள்.