நான் சொல்லாமல் விட்ட சூக்ஷ்மதர்சினி

இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை நுண்ணோக்கி என்கிறார்கள். என் பேத்தி அந்தப் பாடத்தை உரக்கப் படித்தால் நான் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவேன். எனக்குத் தெரிந்த பெயர் வேறு. சொல்ல வேண்டிய நேரத்தில் அதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மயிலாப்பூரில் ஒரு ஹைஸ்கூலில் நான் சயன்ஸ் ரூம் அட்டெண்டர். அதே பள்ளியில்தான் மூன்றாம் பாரம், இப்போதைய எட்டாம் வகுப்பு, வரை படித்தேன். அப்பா போனதும் படிப்பு நின்றது. சில வருஷம் கழித்து, உட்கார்ந்த பெஞ்சையே துடைக்க வந்து சேர்ந்தேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். பூட்டிய அலமாரியை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். அப்படியும் மாம்பலத்து வீட்டுக்குப் போகிற வழியில் சந்தேகம் வந்து, பாதியில் திரும்பி நடந்ததுண்டு.

சயன்ஸை இனிமேல் தமிழில் நடத்த வேண்டும் என்று பேச்சு வந்த காலம் அது. எங்கள் சயன்ஸ் வாத்தியார் என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நெல்லூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு, படித்ததெல்லாம் இங்கிலீஷ். தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் பாடம் என்று வந்தால் வார்த்தைக்குத் திண்டாடுவார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து என்ன எழுதுகிறாரோ அதை வைத்துத்தான் முடிவு. அவர் என்னை ஒருநாளும் ‘நீ’ என்றதில்லை. கூஜாவில் கொண்டுவரும் காப்பியில் பாதியை, கழுவிக் கவிழ்த்த பீக்கர் ஒன்றில் ஊற்றி எனக்குத் தருவார்.

ஒரு சனிக்கிழமை ஹெட்மாஸ்டர் மேஜையைத் துடைக்கும்போது ஒரு மெல்லிய புத்தகம் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் இங்கிலீஷ் சயன்ஸ் வார்த்தை, எதிரே தமிழ். ஆசை தாங்கவில்லை. சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து காப்பி எடுத்தேன்.

"இன்னாய்யா இது, எழுதிக்கினே கீறே? வாத்தியார் வேலை குடுத்துட்டாங்களா?" என்றாள் என் வீட்டுக்காரி.

மைக்ராஸ்கோப்புக்கு நேரே ‘சூக்ஷ்மதர்சினி’ என்று இருந்தது. சூக்ஷ்மம் என்றால் கண்ணுக்கு அகப்படாதது. தர்சினி, அதைக் காண வைப்பது. கோயிலில் தரிசனம் என்கிறோமே, அந்த உறவு. எல்லாரும் அதைப் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பூதக்கண்ணாடி கைப்பிடி வைத்த ஒற்றைக் கண்ணாடி, ரேகை பார்க்கிறவர் கையில் இருப்பது. கண்ணுக்குத் தெரிவதையே பெரிசாக்கும். எங்கள் மைக்ராஸ்கோப்பின் பித்தளைக் குழாயோ, வெங்காயத் தோலுக்குள் கட்டம் கட்டமாக ஒரு சுவர் இருப்பதையே காட்டிக்கொடுக்கும். இரண்டுக்கும் ஒரே பேர் எப்படிப் பொருந்தும்? ஒரு துண்டுத் தாளில் பெயரையும் பொருளையும் அழகாக எழுதி, மைக்ராஸ்கோப் பெட்டிக்குள், லென்ஸ் வைக்கிற சின்ன இழுப்பறையில், எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி விரிப்புப் போலப் போட்டு வைத்தேன்.

திங்கட்கிழமை புத்தகத்தைத் திருப்பி வைத்தேன். வைத்த இடம் மாறிவிட்டது போலிருக்கிறது.

"என் மேஜைல கை வெச்சது யாரு? தெரிஞ்சா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சுடும்" என்று ஹெட்மாஸ்டர் பியூன்களையும் என்னையும் நிற்கவைத்துக் கேட்டார். புத்தகத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அப்படி ஒன்று வந்திருப்பதாக வாத்தியார்களுக்கு அவர் சொல்லவே இல்லை.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் சயன்ஸ் வாத்தியார் என்னிடம் வந்தார்.

"ஐயா, இதுக்குத் தமிழ்ல பூதக்கண்ணாடின்னு பசங்க சொல்றாங்க. அது சரியில்லைன்னு எனக்குத் தோணுது. வேற பேர் எங்கேயாவது கேட்டிருக்கீங்களா?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? நான் தேர்டு பாரம்" என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயம் உண்மைதான். ஆனால் பயம் மட்டும் இல்லை. பட்டம் வாங்கியவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறதே என்று உள்ளே ஒரு இனிப்பு ஊறியது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் நேராக மைக்ராஸ்கோப்பிடம் வந்து நின்றார். "இதுக்குத் தமிழ்ல என்னடா பேரு?"

"பூதக்கண்ணாடி சார்!" வகுப்பே கத்தியது.

"அது ரேகை ஜோசியன் வெச்சிண்டிருக்கறது இல்லையோ?" என்று சிரித்துவிட்டு வாத்தியார் பக்கம் திரும்பினார். "நீர் என்ன பேர் சொல்லிக் குடுக்கறீர்?"

வாத்தியார் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். பிறகு, ஏனோ, என்னைப் பார்த்தார். நான் கையில் துணியோடு அலமாரிப் பக்கம் நின்றிருந்தேன். இரண்டு அடி எடுத்து வைத்துக் காதில் சொல்லியிருக்கலாம். நான் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தேன்.

"வாத்தியாருக்கே தெரிலடா" என்று கடைசி பெஞ்சில் ஒருவன் சொன்னான். வகுப்பு சிரித்தது. இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதிக்கொண்டார்.

மாசக் கடைசியில் கடிதம் வந்தது. தமிழில் பாடம் நடத்தப் போதிய திறமை இல்லையாம். வேலை நிரந்தரமாகவில்லை.

போகிற நாளன்று வாத்தியார் சாமான்களை ஒவ்வொன்றாக என்னிடம் ஒப்படைத்தார். மைக்ராஸ்கோப் பெட்டியைத் திறந்து லென்ஸ் இழுப்பறையை இழுத்தார். அந்தத் தாளைச் சுத்தமாக மறந்திருந்தேன். மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவன், அதை மட்டும் மறந்திருந்தேன்.

எடுத்துத் திருப்பி, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். "உங்க கையெழுத்துதானே? எப்போ எழுதினது?"

"இன்ஸ்பெக்டர் போனப்புறம் சார். யாரோ சொன்னாங்க."

தாளின் முதுகில், மேலே வைத்திருந்த லென்ஸின் பித்தளை வளையம் பச்சையாகக் கறை போட்டிருந்தது. அந்த லென்ஸை இன்ஸ்பெக்டர் வருவதற்கு ஒரு வாரம் முன்பு அங்கே வைத்தவர் அவர்தான். அதற்குப் பிறகு அதை யாரும் எடுக்கவில்லை; தாள் அதற்கும் முன்பே அடியில் கிடந்திருக்கிறது. கறையைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவினார். பசையை எடுத்து, தாளைப் பெட்டி மூடியின் உட்பக்கம் நேராக ஒட்டினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. அடுத்து வர்றவருக்கு உதவும்."

பிறகு கூஜாவைத் திறந்து, வழக்கம்போல பீக்கரில் பாதி ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். குடித்தேன்.