திம்பம் ஏறின முள்

எந்த மீட்டரைக் கண்டாலும் ஹுமேராவுக்கு அதன் கண்ணாடியில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டியாக வேண்டும். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற இடத்திலும் தட்டுவார். பிரஷர் பார்த்த டாக்டரின் கருவியையே தட்டிவிட்டு, "பத்து பாயின்ட் கூடக் காட்டுதுங்க. கடைக்குக் குடுத்துவிடுங்க, சரி பண்ணித் தாரேன்" என்றவர். பக்கத்தில் இருந்த கணவர் இல்யாஸ் வெட்கத்தில் தரையைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்துவருகிற தரைதான்.

கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் இருபத்தைந்து வருடமாக பிரஷர் கேஜ் ரிப்பேர் செய்கிறார் ஹுமேரா. பெருந்துறை வரைக்கும் பாய்லர் வைத்திருப்பவர்கள் அவரைத் தேடி வருவார்கள். கடை மூடினால் மொட்டை மாடித் தகரக் கொட்டகைதான். அங்கே ஒரு விமானத்தின் மூக்கு இருக்கிறது. ஆமாங்க, நிஜ விமானத்து மூக்கு! கழித்துப்போட்ட பயிற்சி விமானங்களின் சீட்டு, பெல்ட், கால் பெடல், கைப்பிடி என்று உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் நான்கு வருடம் தேடிச் சேர்த்துப் பூட்டியது. முன்னால் மூன்று கம்ப்யூட்டர் திரைகளில் வானம். கைப்பிடியைச் சாய்த்தால் வானமும் சாயும். இல்யாஸ் இன்றைக்கும் படியேறி வந்து பார்த்தால் அப்படியே நின்றுவிடுவார்.

உயரமானி வைக்கிற ஓட்டை மட்டும் காலியாகக் கிடந்தது. உயரமானி கிடைக்காமலில்லை. கிடைத்ததில் முள் ஆயிரத்து முந்நூற்றைம்பதில் நின்றது. "சும்மா கெடக்கற மீட்டர் சைபர்ல நிக்கோணுமுங்க. இது செத்த சாமான்" என்று தீர்ப்பெழுதினார் ஹுமேரா. பாய்லர் கேஜ் பார்த்த கண்ணுக்கு வேறெப்படித் தோன்றும்?

தாளவாடியில் ஒரு கல்யாணம். பஸ்ஸில் சும்மா உட்காரத் தெரியாதவர், நோண்டிப் பார்க்கலாம் என்று அந்தச் செத்த மீட்டரையும் கைப்பையில் போட்டுக்கொண்டார். சத்தியமங்கலம் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததும் மடியில் எடுத்து வைத்திருந்த உயரமானியின் முள் நகர்ந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் ஏறியது. மலை உச்சியில், திம்பத்தில், மூவாயிரத்து அறுநூறு!

"ஏனுங்க, இது சாகலீங்க. நம்மூரு கடலுக்கு மேல எத்தன அடி ஒசரமோ, அதயத்தான் இத்தன நாளும் காட்டிட்டு இருந்துருக்குது. எனக்குத்தான் தெரியல" என்று பஸ்ஸிலேயே அழுதார். இல்யாஸுக்கும் கண் கலங்கிவிட்டது.

அங்கேதான் சிக்கலும் வந்தது. மாடியில் இருக்கிற விமானம் நிஜமாக ஏறப்போவதில்லை. அப்புறம் முள் எப்படி ஏறும்? உள்ளே இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு குட்டி மோட்டாரை வைக்கச் சொன்னார்கள், இந்த வேலை தெரிந்தவர்கள். ஹுமேரா ஸ்க்ரூடிரைவரை எடுப்பார், வைப்பார். "ஓடற மீட்டரக் கொல்லறதுக்கு எனக்குக் கை வராதுங்க."

கடைசியில் பழைய பால் கறக்கும் மெஷினின் பம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே போகப் போகக் காற்று குறையும், அவ்வளவுதானே? திரையில் விமானம் ஏற ஏற, உயரமானியின் பின்பக்கக் குழாய் வழியே பம்பு காற்றை உறிஞ்சும். முள் தான் பறப்பதாகவே நம்பும். இப்படியொரு யோசனை எந்த மண்டைக்குள் முளைக்கும்! ஆனால் கொஞ்சம் வேகமாக உறிஞ்சிவிட்டால், உள்ளே இருக்கிற காகிதம் போன்ற பித்தளை டப்பி கிழிந்துபோகும். இன்னொரு உயரமானிக்கு எங்கே போவது?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இல்யாஸைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார். "பெல்ட்டப் போடுங்க."

பம்பு முனகியது. திரையில் ஓடுபாதை கீழே போயிற்று. முள் இரண்டாயிரம் தொட்டது, மூவாயிரம், திம்பத்தையும் தாண்டி ஐயாயிரம். மிளகாய் காயப்போடுகிற மாடியில் உட்கார்ந்துகொண்டு இல்யாஸ் மூச்சே விடவில்லை. பிறகு காற்றைத் திரும்ப உள்ளே விட்டு மெதுவாக இறங்கினார்கள். சக்கரம் தரை தொட்டது. பம்பு நின்றது.

முள் மட்டும் ஊர் உயரத்துக்கு இறங்காமல் ஆயிரத்து நானூறிலேயே நின்றுவிட்டது. டப்பி கிழிந்துபோயிற்றா?

ஹுமேரா கை நீட்டிக் கண்ணாடியில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். முள் மெல்ல ஆயிரத்து முந்நூற்றைம்பதுக்கு வந்தது.

அதற்கப்புறம்தான் இல்யாஸ் பெல்ட்டைக் கழற்றினார்.