அக்கா கேட்காத கூட்டங்கள்

திருப்பதியில் எங்கள் அலுவலகம் ஒரு துணிக்கடைக்கு மேல், இரண்டாவது மாடியில் இருந்தது. கிராமங்களுக்குக் குடிநீர்க் குழாய் போடும் திட்டங்களுக்கு அறிக்கை தயாரித்துக் கொடுப்பது எங்கள் தொழில். போர்வெல் எங்கே போடுவது, தொட்டி எவ்வளவு உயரத்தில் நிற்பது, குழாய் எந்தத் தெரு வழியாகப் போவது என்ற கணக்கையெல்லாம் கூட வேலை பார்த்த அக்கா போடுவார். அதை அதிகாரிகள் படிக்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. எங்கள் மேசைகள் இரண்டும் எதிரெதிரே முட்டிக்கொண்டு கிடந்தன.

அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஐயங்கார் வீட்டுப் பெண், புகுந்த வீட்டில் தலைமுறையாகக் கோயில் கைங்கரியம். நான் சித்தூரில் மிஷன் சர்ச்சுக்குப் பின்னால் வளர்ந்தவள். சாப்பாட்டு டப்பாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்கள் பகிர்ந்துகொண்டோம். நான் பேச ஆரம்பித்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார். என் பேச்சை அப்படி யாரும் கேட்டதில்லை, வீட்டில்கூட. அதனாலேயே அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

பிறகு எங்கள் மேலாளர் அலுவலகத்தையே கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார். ஹைதராபாத்திலிருந்து ஒருவர் வந்து வகுப்பெடுத்தார். எல்லா அறிக்கையும் ஒரே இடத்தில் இருக்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம், யாரிடம் என்ன வேலை இருக்கிறது என்பது அவரவர் பெயருக்குக் கீழே கார்டு கார்டாகத் தெரியும், தினமும் காலையில் வீடியோவில் ஒரு கூட்டம், மற்றபடி வீட்டிலிருந்தே வேலை. மாடியைக் காலி செய்தோம்.

எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. தினமும் சித்தூரிலிருந்து பஸ் பிடித்து, திரும்பிப் போகையில் காட்பாடிவரை போகிற கூட்டத்தோடு இடிபட்டு நின்றுகொண்டு வந்த உடம்பு அது. வீட்டில் உட்கார்ந்து சூடாக இட்லி தின்றுவிட்டு வேலையைத் தொடங்குவது எனக்குப் பெரிய சுகமாக இருந்தது. கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமங்களுக்கான அறிக்கையை நானும் அக்காவும் அப்படித்தான் எழுதினோம். திரையில் அவருடைய பச்சைக் கோடு எண்களைப் போட்டுக்கொண்டே முன்னால் போகும், என் சிவப்புக் கோடு வாக்கியங்களோடு பின்னால் ஓடும். நான் தப்பாக எழுதினால் அந்தப் பச்சைக் கோடு திரும்பி வந்து, அந்த இடத்தில் நின்று துடிக்கும். நாங்கள் செய்ததிலேயே நல்ல அறிக்கை அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கஷ்டம் காலைக் கூட்டத்தில் தொடங்கியது. சிக்னல் போதவில்லை என்று பாதிப் பேர் கேமராவை அணைத்துவிடுவார்கள். மேலாளர் வடமாலபேட்டைத் தொட்டியைப் பற்றிக் கேட்டால் அக்கா வேறு ஏதோ ஊர்க் குழாயைப் பற்றிப் பதில் சொல்வார். ஒருவர் சிரிப்பார், உடனே மற்றவர்களும் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அக்கா பேசுவதையே விட்டார். “நெட்வொர்க் சரியில்லை” என்று எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பார். போன் செய்தால் எடுக்கமாட்டார். “டைப் பண்ணுடி” என்று மெசேஜ் வரும்.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போனேன். காபி கொடுத்துவிட்டு எனக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னாக்கா ஆச்சு உங்களுக்கு? எம்மேல எதனா கோவமா?”

“கோவமெல்லாம் ஒண்ணும் இல்லடி. எனக்குக் காது கேக்கலை.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். இடது காது போய் வருஷக்கணக்காகிறது. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மெஷின் வாங்கி வைத்துப் பார்த்தாயிற்று. “சத்தம் கேக்கறது, வார்த்தை கேக்கலை. மெஷின் சத்தத்தைத்தான் பெரிசாக்கும்” என்றார்.

“அப்போ இத்தினி வருசமா எப்பிடிக்கா?”

“உன் வாயைப் பாத்துண்டேதான் வேலை பாத்தேன். நீ நன்னா வாயைத் திறந்து பேசுவே. மத்தவா பேசினா உன் மூஞ்சியைப் பாப்பேன், என்ன நடந்துதுன்னு அதுலயே தெரிஞ்சுடும்.”

கேட்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் பார்ப்பதாகத்தான் இருந்திருக்கிறது. அதனால் அந்தப் பிரியம் குறைந்துவிடவில்லை, ஆனால் எனக்கு எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கே, பேசுவதை எழுத்தாகக் காட்டுகிற பட்டன் ஒன்று அதே மென்பொருளில் இருப்பதைக் கண்டுபிடித்தோம். நான் ஆங்கிலத்தில் பேசிக் காட்டினேன். அச்சுப் பிசகாமல் எழுத்து ஓடியது. அக்கா எழுந்து வந்து என் தோளை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமையே அது பொய்யாகிப் போயிற்று. எங்கள் கூட்டத்தில் யார் ஆங்கிலம் பேசினார்கள்? தெலுங்கில் ஆரம்பித்து, நடுவில் தமிழுக்கு வந்து, ஆங்கிலத்தில் முடிப்போம். மேலாளர் அக்காவிடம், “மேடம், ஆ டிராயிங் பம்பிஞ்சண்டி” என்றார். வரைபடத்தை அனுப்பச் சொல்கிறார், அவ்வளவுதான். திரையின் அடியில் ‘பம்ப் இன் சண்டே’ என்று ஓடியது. அக்காவுக்கு வேலையே பம்புதானே. மைக்கைத் திறந்து, “சண்டே பம்ப் ஓட்ட முடியாது சார், கரண்ட் ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கணும்” என்றார், ரொம்ப அக்கறையாக. அன்றைக்கு எல்லோரும் சிரித்த சிரிப்பில் மேலாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

அதன்பிறகு கூட்டத்தில் பேசுவதையெல்லாம் அவருக்கு மட்டும் தனியாக டைப் பண்ணி அனுப்ப ஆரம்பித்தேன். காதும் விரலும் ஒன்றாக ஓட வேண்டும். என்னை ஏதாவது கேட்டால் பதில் சொல்ல முடியாமல் திணறுவேன். ஒரு நாள் மேலாளருக்கு என் கீபோர்டு சத்தம் கேட்டுவிட்டது.

“மேடம், ஏம் டைப் சேஸ்துன்னாரு, என்ன டைப் பண்றீங்க? நான் பேசிகினே இருக்கேன், நீங்க தட்டிகினே இருக்கீங்க.”

“நோட்ஸ் எடுத்துகினு இருக்கேன் சார்.”

“அப்பிடியா? மஞ்சிதி, நல்லதுதான். எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதுங்க.”

அது நல்லதாகவே முடிந்தது. பொது இடத்தில் எல்லோர் கண்ணெதிரே எழுதினேன். சிக்னல் விட்டுப்போனவர்கள், தாமதமாக வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்தார்கள். அக்கா அதைப் பார்த்து உடனுக்குடன் பதில் எழுதினார். சரியான பதில். சில வாரங்கள் நாங்கள் மறுபடியும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

அப்புறம் கூட்டத்தின் சுருக்கத்தை இயந்திரமே எழுதித் தரும் வசதி வந்தது. இனி நான் கூட்டத்தில் டைப் பண்ணி நேரத்தை வீணாக்கக் கூடாது என்றார் மேலாளர். அந்தச் சுருக்கத்தைப் படித்தேன். பம்பும் சண்டேயும்போல நூறு பிழைகள், ஆனால் இலக்கணம் மட்டும் சுத்தமாக இருந்தது. கூட்டத்தில் இருந்தவர்களுக்கு என்ன பேசினார்கள் என்று ஏற்கெனவே தெரியும், அதனால் அதை யாரும் படிக்கவில்லை. படித்தாக வேண்டியிருந்தது அக்கா ஒருவருக்குத்தான்.

வேறு வழியில்லாமல், அக்காவின் சம்மதத்தோடு, இரண்டு பேருமாக மேலாளரைப் போய்ப் பார்த்து விஷயத்தைச் சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை. “முந்தே செப்பாலி கதா மேடம், முன்னாடியே சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேனா?” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். எழுத்து வேலை மட்டும் கொடுக்கிறேன், கூட்டத்துக்கு வர வேண்டாம் என்றார். அக்கா கைகூப்பினார்.

கூட்டத்துக்கு வராதவருக்கு வேலை போய்ச் சேரவில்லை. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. காலையில் பேசும்போது, “இதை யார் எடுக்கறீங்க?” என்பார் மேலாளர். அங்கே இருக்கிற ஒருவர் எடுத்துக்கொள்வார். அக்காவுக்கு என்று நான் குரல் கொடுத்தால், “அவங்களுக்கு விளக்கி எழுதறதுக்குள்ள நானே முடிச்சிருவேன்” என்பார்கள். அதுவும் உண்மைதான். அக்கா பெயருக்குக் கீழே இருந்த கார்டுகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் பக்க எண் போடுவது, எழுத்தின் அளவைச் சரிசெய்வது மட்டும் மிஞ்சியது. தொட்டியின் உயரத்தைக் கணக்கிட்டவர் அறிக்கையின் மேலட்டை நிறத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் காலையிலிருந்து மாலைவரை அவர் பெயருக்குப் பக்கத்தில், ஆள் இருக்கிறார் என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான் என் வேலையைச் செய்தேன்.

அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். மேலாளர் ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், இரண்டாவது முறை சொல்லவில்லை.

அக்கா வேறு வேலைக்கு முயன்றார். பெங்களூர்க் கம்பெனி ஒன்று வீடியோவில் நேர்முகம் வைத்தது. கேள்வி கேட்டவர் நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் பேச, எழுத்துகள் ஒழுங்காக ஓட, அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டார். “தேறிட்டேன்டி!” என்று எனக்கு எழுதினார். அடுத்த சுற்று போனில் என்று தகவல் வந்தது. போன் வேண்டாம், வீடியோவிலேயே வையுங்கள் என்று காரணத்தோடு அவர்களுக்கு எழுதச் சொன்னேன். எழுதினார். பதில் வரவில்லை.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது என் வாயைப் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை. வலது காதில் மிச்சமிருந்த கொஞ்சம் சத்தமும் போய்விட்டதால், உதடு மட்டும் போதவில்லையாம். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து போனில் டைப் பண்ணிக்கொண்டோம். வேறு எங்கேயாவது முயன்று பார்க்கலாமே என்று நான் எழுதினேன். அதைப் படித்துவிட்டு, எழுதாமல் வாயாலேயே சொன்னார்.

“போதும்டி. யாரும் கூப்பிடலைங்கறதுக்காகச் சொல்லலை. இனிமே கூப்பிட்டாலும் எனக்குத் தெரியாது.”



எங்கள் குழுவில் இப்போது நாயுடுபேட்டையிலிருந்து புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். அவரை நாங்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை. கேமராவைத் திறப்பதே இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல், நெட்வொர்க் சரியில்லை என்று அடிக்கடி எழுதிப் போடுகிறார். மேலாளர் அவர் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறார்.