கேட்டுக்கொண்டு ஓட்டிய வண்டி

மாசி பிறந்த செவ்வாயன்று, உத்தமபாளையம் முன்சீப் கோர்ட்டில் வேலுச்சாமி தன் வாயாலேயே வழக்கைத் தோற்றார். புதன் என்று சொல்லித் திரிகிறார்கள்... நம்பாதீர்கள். நான் பின் பெஞ்சில்தான் இருந்தேன்.

வழக்கு ஒரு வண்டிப்பாதையைப் பற்றியது. வேலுச்சாமியின் நெல்வயலுக்கு வண்டி போக வேண்டுமானால், மைத்துனர் ரங்கசாமியின் நிலத்தைத் தாண்ட வேண்டும். சுற்றுவழி உண்டு — பாரவண்டி போனால் அச்சு முறியும். ஒரு கல்யாணத்தில் முதல் தாம்பூலம் யாருக்கு என்று இருவருக்கும் சண்டை. மறுநாள் ரங்கசாமி பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு மறித்துவிட்டார். கோர்ட் அசைந்து கொடுப்பதற்குள் வயலில் அடுத்த போகக் கதிரும் முற்றிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? இருபது வருஷம் யாரையும் கேட்காமல், பகிரங்கமாக, உரிமையோடு போய்வந்தால் அது ஈஸ்மெண்ட் — மறிக்க முடியாது. கேட்டுக்கொண்டு போனால் வெறும் லைசென்ஸ் — கொடுத்தவர் நினைத்தபோது பிடுங்கிக்கொள்ளலாம்.

ரங்கசாமியின் வக்கீல் தேனொழுகக் கேட்டார்: "வண்டி ஓட்டுமுன் ரங்கசாமியிடம் ஒரு வார்த்தை கேட்பீரா?"

"கேக்காமப் போவமா? நாங்க என்ன களவாணிப் பயலுகளா? எங்க அய்யாவும் கேட்டுத்தான் போனாக!"

வேலுச்சாமியின் வக்கீல் தலையில் கைவைத்தார். வேலுச்சாமியோ மீசையைத் தடவிக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கினார்.

தீர்ப்பு — லைசென்ஸ்தான். முரடராக இருந்திருந்தால் பாதை கிடைத்திருக்கும்! இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நம் கம்பம் பக்கம் ஒருமுறை வந்து போயிருக்கலாம்.

நேற்று அறுப்பு. ரங்கசாமியே முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டு வழிவிட்டார். விளைந்த நெல்லை மறிக்க அவருக்கும் மனம் வரவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க மச்சான்."

"கேட்டுத்தானய்யா தோத்தேன்? இனிக் கேக்க மாட்டேன். இருவது வருசம் இப்பிடியே ஓட்டுறேன்... அப்பறம் கோர்ட்டுல பாத்துக்கிருவோம்!"

ரங்கசாமிக்கு முகம் வெளுத்தது. வாயைத் திறக்காமல் விட்டுவைத்தால் உரிமை கைமாறிவிடும் என்று வக்கீல் எச்சரித்திருந்தாரே! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினார்.

"நான் விடுறேன்! நான் விட்டுத்தான் போறீக!"

"எனக்குக் காது கேக்கல!" என்று வேலுச்சாமி மாட்டை விரட்டினார்.

பொழுது சாய்வதற்குள் நெல் முழுதும் வீடு சேர்ந்தது. இருபது வருஷம் தாங்க வேண்டியது இனி ரங்கசாமியின் தொண்டைதான்.