கிடங்குக் காவலர் செய்த சத்தியம்

என் வீட்டுக்காரர் துறைமுகக் கிடங்குக்குக் காவல். கப்பலில் வந்து ஊரை ஆண்ட துரைமார் ஒருநாள் வேலையாட்களை வரிசையில் நிறுத்தி, தங்கள் ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் கேட்டார்கள். மற்றவர்கள் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டு நிழலுக்குப் போனார்கள். இந்த மனுஷன் மட்டும் சோறு கொண்டுபோன எங்கள் மகளின் தலையில் கை வைத்து, இந்த ராஜாவைத் தவிர எவனுக்கும் கிடங்கைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். துரை முதுகில் தட்டினாராம். அதை வேறு வந்து பெருமையாகச் சொன்னார்.

நாலு வருஷம்கூட ஆகவில்லை. வேறொரு நாட்டுப் பீரங்கிக் கப்பல்கள் வந்து நின்றன. நம் துரைமார் சட்டி பானையைக்கூட விட்டுவிட்டு ஓடினார்கள். புதிய கொடி ஏறியது. மறுபடியும் வரிசை. இவர் வாயே திறக்கவில்லை. சத்தியம் செய்யாதவனுக்கு வேலை இல்லை, கிடங்கை ஒட்டிய வீடும் இல்லை, பொழுது சாய்வதற்குள் காலி செய் என்றார்கள்.

"ஓடிப்போனவனுக்கு என்னங்க சத்தியம்?" என்றேன்.

"அவன் ஓடிட்டான். பிள்ளை இங்கதானே இருக்கா."

அந்த நேரம் பார்த்து அவளுக்கு இருமல் வேறு. அவள் ஒரு தடவை இருமினால் இவர் இரண்டு தடவை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். நான் ஒரு பிடிவாதக்காரி. எனக்கு வாய்த்தவர் அதற்கு மேல்.

சாவிக்கொத்து வீட்டில்தான் இருந்தது. இடுப்பில் செருகிக்கொண்டு நேரே புதிய துரையிடம் போனேன். அவர் பேச்சை நமக்குச் சொல்லும் துபாஷி பக்கத்தில் நின்றார்.

"சொல்லுங்கண்ணே, என்னை இதுவரைக்கும் எவனும் சத்தியம் கேட்டதில்ல. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவின்னு எனக்குத் தெரியும். வேணாம்னா கதவை உடைச்சுக்கச் சொல்லுங்க."

துபாஷி அதை எப்படி நயமாக்கிச் சொன்னாரோ, துரை சிரித்துவிட்டார். வேலை எனக்கு வந்தது, வீடு தப்பியது.

பெண்டாட்டி காவல், புருஷன் அடுப்பு என்று தெரு கேலி பேசியது. இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய கப்பல் வருமா என்று கடலையே பார்த்துத் திரிந்தார்.

வந்தது. எங்கேயோ பெரிய துரைமார் கூடிக் கையெழுத்துப் போட்டு ஊரைத் திருப்பிக் கொடுத்தார்களாம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்று முதல் ஆளாக ஓடினார். வந்திருந்த இளம் துரைக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ராஜா செத்துப்போனார், சத்தியமும் அவரோடு போயிற்று, இப்போது அவர் தம்பி, புதிதாகச் செய் என்றாராம்.

வீட்டுக்கு வந்து உட்காராமலே சொன்னார்.

"சாவியை நீயே வச்சுக்க. இன்னொரு ராஜாவை அவ தலையில ஏத்த மாட்டேன். நான் மூட்டை தூக்கிக்கறேன்."

கடைசிவரை மூட்டைதான் தூக்கினார். தூரத்தில் ஒரு பாய்மரம் தெரிந்தால் போதும், முதுகுச் சுமையோடு நின்று எவன் கொடி என்று பார்ப்பார். மகள் பிள்ளை பெற்ற பிறகும் அப்படித்தான். நான் சொல்லி எதைக் கேட்டார்?